ஜீப் வாங்கட்டும்... பிரேக்கை முதலில் பார்க்கட்டும்!



இரண்டு வாரத்துக்கு முன் இதே பகுதியில் திருப்பூர்ச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவர் கணவர் முப்பது வருஷப் பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றால் அதன் அடியிலேயே படுத்துக் கிடக்கிறாராம். "இருக்கிற காசையெல்லாம் அந்தத் தகர டப்பா தின்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். போன வாரம் பதில் எழுதிய சகோதரிகளில் பாதிப் பேர் "வண்டியை விற்கச் சொல்லுங்கள்" என்றார்கள். மீதிப் பேர் "ஆண்கள் சந்தோஷத்தில் குறுக்கே நிற்காதீர்கள்" என்றார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் நாலு வருஷமாக ஒரு ஜீப் நிற்கிறது.

என் கணவர் கணபதியில் சின்னதாக லேத் வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். குடி, சீட்டாட்டம் கிடையாது. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நின்றிருந்த 1991ஆம் வருஷத்து மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பை 1,45,000 ரூபாய் கொடுத்து ஒரு சனிக்கிழமை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஏனுங்க, ஓடாத வண்டிக்கு ஒன்றரை லட்சமா?" என்றேன். "ஓடுற வண்டின்னா மூணு லட்சம் கேப்பாங்க அம்மிணி. நாமளே கட்டிக்கலாம். அப்புறம் பாரு, லீவு விட்டா கூடாரம் கட்டித் தங்கிட்டு வரலாம்" என்றார். வீடு கட்டுவது, பாடி கட்டுவது மாதிரி ஜீப்பையும் 'கட்டுவது' என்றுதான் சொல்கிறார்கள். செலவும் வீடு கட்டுகிற மாதிரிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஆசை நம் ஊர் ஆண்களுக்கு வானத்திலிருந்து குதித்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பை, 1947க்குப் பிறகு பம்பாயில் மஹிந்திரா கம்பெனி பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. அதிலிருந்து தாசில்தார் வந்தாலும் ஜீப், கரண்ட் ஆபீஸ் ஆள் வந்தாலும் ஜீப், எலெக்ஷன் வந்தாலும் ஜீப் என்றுதானே நாம் வளர்ந்தோம்? சின்ன வயசில் அதன் பின்னால் ஓடிய பையன்கள்தான் இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயசில் அதை வாங்குகிறார்கள். கட்டுவதற்கும் இங்கே ஆள் பஞ்சமில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்காத சாமான் கிடையாது. நாமக்கல்லில் லாரி பாடி, கரூரில் பஸ் பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, கோவையில் சந்துக்குச் சந்து லேத். கை வேலை தெரிந்த மனுஷன் சும்மா இருப்பாரா?

மலையில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டும் அல்ல. சத்தியமங்கலம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் சர்க்கரைப் பள்ளத்திலும் குரும்பூர் பள்ளத்திலும் வெள்ளம் வந்து ஊரே துண்டாகிப் போனதைப் பேப்பரில் எத்தனை வருஷம் படித்திருக்கிறோம். அங்கே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தால் பிரசவத்துக்கு நேரத்தோடு போகலாம். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை ஆசை. அதை மறக்கக் கூடாது.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நான் தினசரிக் காலண்டர் அட்டை அளவு நோட்டு ஒன்றில் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். ஜீப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். முதல் வருஷம் அதில் எழுதியது இது: அகல டயர் ஐந்து, 52,000. டிங்கரிங், பட்டி, பெயிண்ட், 38,000. மேல்கூரைத் தார்ப்பாய், 14,000. முன்னால் முட்டுக்கொடுக்கிற இரும்புக் கம்பி கார்டு, 11,000. தலைக்கு மேலே வரிசையாக விளக்கு, 9,000. ஆக 1,24,000. பிரேக் என்று தேடினால், ஆயில் ஊற்றிச் சுத்தம் பண்ணியது 2,300. சீட் பெல்ட் என்று தேடினால் அந்த வார்த்தையே இல்லை.

இதில் என் ஏலச்சீட்டுப் பணம் 82,000 ரூபாயும் அடக்கம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை, பெரியவளுக்கு வளையல் எடுக்கலாம் என்று வைத்திருந்ததை, தள்ளி எடுத்துக் கொடுத்தேன். கேட்டபோது மறுக்க மனசு வரவில்லை. அது என் தப்பு.

முதல் தடவை வெளியே கிளம்பியபோது என்னவோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆனைகட்டிப் பக்கம் என் நங்கையா வீட்டுத் தோட்டம் இருக்கிறது. இரவு அங்கே கூடாரம் கட்டித் தங்குவதாகத் திட்டம். நான் முன் சீட்டில். பின்னால் நீளவாக்கில் போட்ட பெஞ்சில் ஒரு பக்கம் என் மாமியார், எதிர்ப் பக்கம் பன்னிரண்டு வயசுப் பெரியவள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அவ்வளவுதான்.

தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் ஒரு பள்ளம். முந்தின நாள் மழை பெய்து, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பாரு, எப்படி ஏறுதுன்னு" என்று இறக்கினார். ஏறியது, உண்மையிலேயே ஏறியது! பிள்ளை கை தட்டினாள். அடுத்தாற்போல் ஒரு இறக்கம். பிரேக்கை மிதிக்கிறார், வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதிக்கிறார், வழுக்கிக்கொண்டு போகிறது. கிளுவை வேலிக்குள் பாய்ந்து நின்றது. அந்த வேலி மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கம் கிணறு.

மாமியாருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பிள்ளை பெஞ்சிலிருந்து எகிறி, முன் சீட்டுக் கம்பியில் மோதி, காரை எலும்பில் விரிசல். ஒன்றரை மாசம் தோளைச் சேர்த்துக் கட்டுப்போட்டு, ஸ்கூலுக்குப் பை தூக்க முடியாமல் போனாள். வண்டிக்கு? பெயிண்டில் நாலு கீறல்.

மூன்று நாள் நான் அவரிடம் பேசவில்லை. அந்தக் காலத்துச் சினிமாவில் வருகிற மாதிரி அம்மா வீட்டுக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, பேசாமல் இருந்தால் ஜீப்புக்குப் பிரேக் வந்துவிடுமா என்று தோன்றியது. நாலாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு, அவர் வேலை விடுகிற ஒர்க்ஷாப்புக்கு நானே போனேன். அங்கே ஒரு வயசான மெக்கானிக். "என்ன அம்மிணி, நீங்க வந்திருக்கீங்க?" என்றார். "அண்ணா, தண்ணில எறங்கி ஏறினா பிரேக் ஏன் புடிக்கறதில்லீங்க?" என்று கேட்டேன். மனுஷன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, ஒரு டிரம்மையே கழற்றிக் காட்டிவிட்டார்.

எங்கள் வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இட்லிக் குண்டா மாதிரி ஒரு இரும்பு டிரம். அதற்குள் இரண்டு கட்டை, விரிந்து உரசி நிறுத்துகிறது. தண்ணீரில் இறங்கினால் டிரம்முக்குள் தண்ணீர் போய், கட்டை ஊறி, ஈரக் கையில் சோப்புப் பிடிக்கிற கதை ஆகிவிடும். பள்ளத்தைத் தாண்டினதும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவிட வேண்டும். நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் இறக்கத்தில் இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் அதோடு ஒரு சக்கரத்தில் ஆயிலும் கசிந்திருக்கிறது. இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது. ஒன்றே கால் லட்சம் செலவழித்த வீட்டில் அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். "இனி நான் எழுதுகிற வரிசையில்தான் செலவு. மேலே இருக்கிறது முடியாமல் கீழே இருக்கிறது கிடையாது" என்றேன். முதலில் பிரேக், நாலு சக்கரமும். அடுத்து ஸ்டியரிங் ஆட்டம். மூன்றாவது, பின்னால் இருக்கிற பக்கவாட்டுப் பெஞ்சை எடுத்துவிட்டு முன்னோக்கிப் பார்க்கிற சீட், ஒவ்வொருவருக்கும் பெல்ட். நாலாவது, வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காக்கிற வளைவுக் கம்பி. வெறும் தார்ப்பாய் என்ன காப்பாற்றும்? ஐந்தாவது, ரேடியேட்டர். ஆறாவது, பேப்பர்.

ஆறாவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், திருப்பூர்ச் சகோதரிக்கு உபயோகப்படும். சொந்த வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து வருஷம்தான். பிறகு ஐந்து ஐந்து வருஷமாக வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஜீப், காருக்கு முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு 5,000 ஆக்கியது. இருபது வருஷம் தாண்டிய வண்டி என்றால் இப்போது என்ன கட்டணம் என்று போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய விஷயம், நம் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றக் கூடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தப்பு என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. இன்ஜினை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன்னால் மாட்டுகிற கம்பி கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே தடை போட்டாகிவிட்டது. எங்கேயாவது மோதி, இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்த்து, "இது கம்பெனி வைத்தது இல்லையே" என்று கை விரித்தால் நஷ்டம் யாருக்கு? என் வரிசையில் இருந்த சீட்டையும் வளைவுக் கம்பியையும்கூட முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் செய்தோம்.

11,000 ரூபாய் கார்டைக் கழற்றி உக்கடத்தில் எடைக்குப் போட்டோம். 1,050 ரூபாய் கிடைத்தது. அதையும் நோட்டில் வரவு வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் வைத்தேன்.

அடுத்து நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். நாற்பத்தொரு வயசில் டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல ஸ்டியரிங் புடிச்சு எங்க போகப் போற?" என்று என் அத்தையே கேட்டார். 1993ல் நம் தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் வசந்தகுமாரி டிரைவராகச் சேர்ந்தபோதும், 2023ல் இதே காந்திபுரம்-சோமனூர் ரூட்டில் ஷர்மிளா பஸ் ஓட்டியபோதும் கை தட்டினோம். சொந்த வீட்டில் ஒருத்தி சாவியைக் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது.

ஜீப்பில் வழக்கமான கியரோடு பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பி இருக்கும். ஒன்று முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க. இன்னொன்று 'லோ'. லோவில் போட்டால் வேகம் குறைந்து இழுவை சுமார் இரண்டரை மடங்கு ஆகும். வண்டி நடந்து போகிற வேகத்தில் ஊர்ந்து போகும். ஆண்கள் பள்ளத்தைக் கண்டால் பாய்ச்சுகிறார்கள். பாயவே வேண்டாம்! லோவில் போட்டு, அரிசி களைகிற மாதிரி நிதானமாகப் போனால் போதும், அதுவே ஏறும். இறக்கத்திலும் அதே கியர்தான். கிளட்சை மிதிக்காமல், நியூட்ரலில் விடாமல் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையைப் போடக் கூடாது, உள்ளே பல்லெல்லாம் முறுக்கிக்கொள்ளும். கணவர் ஆத்திரப்படாமல் சொல்லிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

"பெண்களுக்கு மெக்கானிக் வேலை என்ன தெரியும்" என்கிறவர்களுக்கு ஒரு சேதி. உலகத்திலேயே முதன்முதலில் மோட்டார் காரில் நெடுந்தூரம் போனது ஒரு வீட்டுப் பெண்தான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தன் அம்மா ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் போனார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டதற்குத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்ததும் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் நிறுத்தி, அதற்குத் தோல் அடிக்கவைத்தார். பார்த்தீர்களா? அங்கேயும் பிரேக்கைக் கவனித்தது ஒரு பெண்தான்.

இப்போது கூடாரம் கட்டித் தங்குகிற விஷயம். போட்டோவில் பார்க்க அழகாக இருக்கும், நெருப்பைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டு... ஆனால் சோறு யார் ஆக்குவது? இரண்டாவது தடவை இரண்டு குடும்பமாகப் போனோம். ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து டயர் பற்றிப் பேசினார்கள். நாங்கள் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சப்பாத்தி சுட்டோம். வீட்டில் கேஸ் அடுப்பு, அங்கே புகை அடுப்பு, வித்தியாசம் அவ்வளவுதான். இப்போது எங்கள் வீட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. முதல் வேளைக்குக் கட்டுச்சோறு, புளிச்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே. அடுத்த வேளை அவர் பொறுப்பு. உப்புமாதான் கிண்டுவார், பரவாயில்லை.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் எழுதுகிறேன். பெண்களும் வயசுக்கு வந்த பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் கழிப்பறைக்கு மறைவு வேண்டாமா? விளக்குக்கு ஒன்பதாயிரம் கொடுத்தவருக்கு இது தோன்றவே இல்லை. ஆள் உயரத்துக்கு நிற்கிற சின்னத் துணிக் கூடாரம் 3,800 ரூபாய். அது வந்த பிறகுதான் என் மாமியார் "அடுத்த தடவை நானும் வாறேன்" என்றார்.

எங்கே போவது என்பதிலும் நாம்தான் கறாராக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். "காட்டுக்குப் போறேன்" என்றால் சோளத்துக்குக் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அந்தக் காட்டில் கூடாரம் கட்டுங்கள், தோப்பில் கட்டுங்கள், சொந்தக்காரர் தோட்டத்துச் சாலையில் கட்டுங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் எல்லாம் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் வண்டியை உள்ளே விட்டாலும், தீ மூட்டினாலும் கேஸ். திம்பம் மலைப் பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. என் கணவரின் சிநேகிதர் ஒருவர் "அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க" என்று கூப்பிட்டார். நான் 2018 மார்ச் 11 குரங்கணியைச் சொன்னேன். சென்னையிலிருந்தும் நம் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்களே... அதில் எத்தனை பெண் பிள்ளைகள்! சிநேகிதர் அப்புறம் பேசவில்லை. மலையில் நடக்க ஆசை என்றால் வனத்துறையே 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளைத் திறந்து, ஆள் கூட அனுப்பிக் கூட்டிப் போகிற ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு ஜீப்பே தேவையில்லை.

திருப்பூர்ச் சகோதரிக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். விற்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். விற்றாலும் போட்ட காசு வராது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஒரு டம்ளர் காப்பியோடு போய், "பின்னாடி உக்கார்ற பிள்ளைக்குப் பெல்ட் எங்கீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல அவர் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் பெரியவள் தோள் சரியாகிவிட்டது. வளையல் இன்னும் எடுக்கவில்லை, புதிதாக ஒரு சீட்டுச் சேர்ந்திருக்கிறேன். நோட்டில் முதல் ஆறும் அடித்தாகிவிட்டது. ஏழாவதாக அவர் 'வின்ச்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார், சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்கிற மெஷினாம். அதற்கு மேலே நான் 'வாஷிங் மெஷின்' என்று எழுதி, ஏழு என்று நம்பர் போட்டு, அவருடையதை எட்டு ஆக்கியிருக்கிறேன். தீபாவளி வரை பேச்சுவார்த்தை நடக்கிறது.

- ஒரு வாசகி, கணபதி, கோவை-6.